பாலும் மாவுநீரும்

திருச்சிற்றம்பலம்.



பெருவிழாவின் ஐந்தாம் திருநாளாகிய இன்று, திருஞானசம்பந்தப் பெருமான் ஞானப்பால் உண்ட வரலாற்றைப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகப் பல ஊர்களிலும் நாம் பேசிவரும் பொருள்தான் இது. ஆயினும் இன்று மாலை சன்னிதித் தெரு வழியே வரும்போது ஒரு காட்சியைக் கண்டோம். அதை வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

தெருவின் இருமருங்கும் திருவிழாக் கடைகள். வளையற் கடை, பொம்மைக் கடை, பொரி கடலைக் கடை. இவற்றுக்கு நடுவே ஒருவர் நீண்ட மூங்கிற் கழியைத் தோளில் சாய்த்து நிற்கிறார். கழியின் உச்சியில் ஒரு பாவை. கயிற்றை இழுத்தால் அது இரண்டு கைகளையும் தட்டுகிறது. பாவைக்குக் கீழே வெள்ளையும் சிவப்புமாக வரியோடிய சவ்வு மிட்டாய். அவர் அதில் சிறிது இழுத்து, முறுக்கி, மடித்து, கண் இமைக்கும் நேரத்தில் கடிகாரமாக ஆக்கிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார். மயிலாகவும் ஆக்குகிறார். நாம் சிறுவனாக இருந்தபோது ஐந்து காசுக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே கடிகாரம்தான். அன்பர்களுள் பலருக்கும் நினைவிருக்கும்.

அவ்விடத்தில் ஒரு குழந்தை நின்றுவிட்டது. நான்கு வயது இருக்கலாம். தாயார் கையைப் பற்றி அழைக்கிறார்; வரவில்லை. முதலில், "என் கண்ணல்லவா, வா" என்றார். குழந்தை அசையவில்லை. "இப்போது பேசாமல் வந்தால் திரும்பும்போது வாங்கித் தருகிறேன்" என்றார். அதற்கும் அசையவில்லை. "அதோ பார், அந்தப் பாப்பா எவ்வளவு சமர்த்தாகப் போகிறது! அதுதான் நல்ல பாப்பா" என்றார். இறுதியாக, "வராவிட்டால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி, முதுகிலும் ஒன்று வைத்தார். குழந்தை அழுதுகொண்டே கோயிலுக்குள் வந்தது. கண்ணைக் குத்தும் சாமியைக் காண வருகிற குழந்தை வேறு எப்படி வரும்?

அரசர்கள் பகைவரை வெல்லுவதற்கு நான்கு உபாயங்களை அரசநீதி நூலார் வகுத்துள்ளார்கள். இன்சொல் சொல்லுதல் சாமம், பொருள் கொடுத்து வசப்படுத்துதல் தானம், வேற்றுமை காட்டிப் பிரித்தல் பேதம், ஒறுத்தல் தண்டம். அந்த அம்மையார் அரசநீதி படித்தவர் அல்லர். ஆயினும் நான்கு உபாயங்களையும் வரிசை தவறாமல் இரண்டு நிமிடத்தில் நடத்திக் காட்டிவிட்டார்! நாம் அவரைக் குறை கூறவில்லை. கூட்டம் மிகுதி, தீபாராதனைக்கு நேரமாகிறது, இடுப்பில் இன்னொரு குழந்தை. நாமும் நம் பிள்ளைகளிடத்தில் இந்த நான்கையும் செய்தவர்களே. நம் கவலை வேறு. பகைவர்மேல் செலுத்துவதற்கென்று வகுத்த கருவிகள், பெற்ற பிள்ளையின்மேல் எப்படி இவ்வளவு இயல்பாக வந்துவிட்டன?

பிள்ளைத்தமிழ் நூல்களில் அம்புலிப் பருவம் என்று ஒரு பருவம் உண்டு. பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையோடு விளையாட வருமாறு வானத்து நிலவை அழைப்பது அது. புலவர்கள் இந்த நான்கு உபாயங்களையும் அங்கே அமைத்துப் பாடுவார்கள். நீயும் இக்குழந்தையும் ஒப்பு என்று புகழ்வார்கள். வந்தால் உன் மறு நீங்கும், உன் நோய் தீரும் என்று ஆசை காட்டுவார்கள். உன்னைவிட இக்குழந்தை உயர்ந்தது என்று வேறுபடுத்துவார்கள். வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று அச்சுறுத்துவார்கள். அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உபாயம் முழுவதும் நிலவின்மேல் செல்கிறது. குழந்தைமேல் ஒன்றுகூடச் செல்வதில்லை. குழந்தை ஆசைப்பட்டது என்பதற்காக வானத்துச் சந்திரனையே மிரட்டியவர்கள் நம் புலவர்கள். நாம் சந்திரனை விட்டுவிட்டோம், குழந்தையை மிரட்டிக்கொண்டிருக்கிறோம்.

திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், தம் மக்கள் சிறு கையால் அளாவிய கூழ் பெற்றோருக்கு அமிழ்தினும் இனிது என்ற கருத்தை அருளியிருக்கிறார். எவரும் மறுக்க முடியாத உண்மை. அந்த இன்பம் பெற்றோர் அடைகிற இன்பம். குழந்தை நமக்கு இனிப்பு. குழந்தையின் மழலை நமக்கு இனிப்பு. உறவினர் வந்தால், "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று சொல்லி, அந்த இனிப்பை வந்தவருக்கும் ஒரு துண்டு தருகிறோம். குழந்தைக்கு எது இனிப்பு, அதன் நாவும் மனமும் எதை நாடி நிற்கின்றன என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைச் சீகாழித் திருக்குளக்கரையில் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் தோணியப்பர்.

சீகாழியில் கவுணியர் குலத்துச் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் மகவாகத் தோன்றியவர் நம் பிள்ளையார். மூன்றாவது வயது நடக்கிறது. தந்தையார் திருக்கோயிற் குளத்துக்கு நீராடப் புறப்படுகிறார். குழந்தை அழுதுகொண்டு பின்தொடர்கிறது. அவர் விலக்கிப் பார்த்தார், கேட்கவில்லை. சரி என்று உடன் அழைத்துச் சென்று, கரையில் இருத்திவிட்டு, நீருள் மூழ்கி அகமருடண மந்திரம் செபிக்கலானார். குழந்தை பார்க்கிறது. நீர் தெரிகிறது, தந்தை தெரியவில்லை. திருத்தோணிச் சிகரத்தை நோக்கி, அம்மையே அப்பா என்று அழத் தொடங்கியது.

இந்த அழுகை தந்தையைக் காணாத அழுகை மட்டும் அன்று, முன்னைத் தொடர்பால் பெருமான் திருவடியைப் பிரிந்திருக்க ஆற்றாத அழுகை என்று சேக்கிழார் குறிப்பார். அது உண்மை. ஆனால் அந்தக் கரையில் நின்று நோக்கிய ஒருவருக்கு எது தெரிந்திருக்கும்? ஒரு சிறு பிள்ளை அழுகிறது, அவ்வளவே. "எதற்கு இந்தப் பிடிவாதம்? அப்பா இதோ வந்துவிடுவார், சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். குழந்தை எதற்காக அழுகிறது என்பதை நாம் எப்போதும் சிறியதாகவே மதிப்பிடுகிறோம். மிட்டாய்க்கு அழுகிறது, பொம்மைக்கு அழுகிறது என்று ஒரு பெயர் வைத்து முடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பது எது என்று அறிந்தவர் தோணியப்பர் ஒருவரே.

அம்மையப்பராக விடைமேல் எழுந்தருளினார்கள். பெருமான் அம்மையை நோக்கி, பொற்கிண்ணத்தில் பாலைக் கறந்து ஊட்டுமாறு பணித்தார். அம்மை சிவஞானம் குழைத்த பாலைக் கிண்ணத்தில் ஏந்தி, குழந்தையின் கண்ணீரைத் துடைத்து, ஊட்டியருளினார். எதற்காக அழுதாய் என்ற கேள்வி அங்கே இல்லை. அழுகையை நிறுத்தினால் தருவேன் என்ற நிபந்தனையும் இல்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெருமான் ஞானத்தைக் கண்ணால் நோக்கித் தரலாம், அது நயனதீக்கை. தொட்டுத் தரலாம், அது பரிசதீக்கை. சொல்லால் தரலாம், அது வாசகதீக்கை. திருநாவுக்கரசருக்கு நல்லூரில் திருவடியைத் தலைமேல் வைத்தார். மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்து உபதேசித்தார். அவர்கள் முதிர்ந்தவர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஞானத்தைத் தரும்போது மட்டும் பாலாக்கித் தருகிறார். நீ வளர்ந்து வா, நூல்களைக் கற்று வா, பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. குழந்தையின் வாய்க்கு எது பொருந்துமோ, அந்த அளவுக்கு ஞானத்தைக் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தைப் பருவம் என்பது ஏதோ நிறையாத பருவம், பெரியவனாகும் வரை காத்திருக்கும் கூடம் என்று நாம் நினைக்கிறோம். பெருமான் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. பால் முதலில், பாட்டுப் பிறகு. பாடினால் பால் என்று சொல்லவில்லை. நாம் தேவாரப் பாடம் கேட்ட காலத்தில் நம் ஆசிரியர் ஒரு சிறு டப்பாவில் கற்கண்டு வைத்திருப்பார். பாடம் தொடங்குமுன் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு தருவார். நன்றாகப் பாடுபவனுக்கும் ஒன்று. பண் பிடிபடாமல் தடுமாறுபவனுக்கும் ஒன்று. ஊர்ப் பெரியவர் ஒருவர், "பாடிய பிறகு கொடுத்தால் ஒழுங்காகப் படிப்பார்களே" என்று யோசனை சொன்னார். ஆசிரியர், "பிறகு கொடுத்தால் அது கூலி ஐயா, நான் கூலிக்கு ஆள் வைக்கவில்லை" என்றார். அன்று அதன் பொருள் நமக்கு விளங்கவில்லை. கற்கண்டு விளங்கியது.

இனி, சிவபாத இருதயரைப் பார்ப்போம். நீராடி, செபம் முடித்துக் கரையேறினார். பிள்ளையின் கடைவாயில் பால் வழிகிறது. "எச்சில் மயங்கிட உனக்கு இதைத் தந்தவர் யார்? காட்டு" என்ற கருத்துப்பட வெகுண்டு, சிறு கோல் ஒன்றை எடுத்து ஓங்கினார். பிள்ளையார் விண்ணிலே விடைமேல் நின்ற பெருமானை விரலால் சுட்டி, நட்டபாடைப் பண்ணில் தம் முதற்பதிகத்தைப் பாடியருளினார். இப்பகுதியைப் பேசும்போது, கோல் ஓங்கியதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நம்போன்றோர் வழக்கம். ஆனால் அவர் கொடியவர் அல்லர். ஆசாரம் மிக்கவர், சிவனடியைத் தம் பெயரிலேயே தாங்கியவர். மந்திரம் செபித்து வந்தவர்தான் அவர். அழுத தடம் முகத்தில் காயாமல் இருக்கும் பிள்ளையைக் கண்டதும் அவர் வாயில் பசித்ததா என்ற கேள்வி வரவில்லை. யார் கொடுத்தார் என்ற கேள்விதான் வந்தது. நாம் எல்லோரும் சிவபாத இருதயர்களே. வாயில் ஏதோ மெல்லுகிறாயே, எங்கே வாங்கினாய், காசு ஏது? பள்ளிவிட்டு வந்த பிள்ளையிடம் முதலில் நாம் கேட்பது இதுவன்றோ?

அவருடைய பெருமையும் இதன்பிறகுதான் தெரிகிறது. பதிகத்தைக் கேட்டவுடன் கோல் கீழே விழுந்தது. பிள்ளையார் திருக்கோலக்காவில் கையால் தாளமிட்டுப் பாடியபோது, அந்த மெல்லிய உள்ளங்கை நோகுமே என்று பெருமான் பொற்றாளம் ஈந்தார். அது கண்ட தந்தையார், அதன்பின் தலங்கள்தோறும் பிள்ளையைத் தம் தோளில் சுமந்து சென்றார். கோல் ஓங்கிய கை காலைப் பற்றிக்கொண்டது. "பிள்ளை பாதி, புராணம் பாதி" என்று ஒரு சொல் வழங்குகிறது. பெரியபுராணத்தின் 4,286 பாடல்களில் சம்பந்தர் புராணம் 1,256. கணக்குப் பார்த்தால் பாதி வராது. ஆயினும் ஒரு பிள்ளைக்குச் சேக்கிழார் கொடுத்த இடத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

பால் என்றவுடன் வேறு இரண்டு குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். இருவருக்கும் பால் என்று சொல்லி மாவுநீர் கொடுக்கப்பட்டது.

முதலாமவர் உபமன்யு, வியாக்கிரபாத முனிவரின் திருமகனார். உறவினர் இல்லத்தில் பசும்பாலை உண்டு சுவை கண்டவர். தம் ஆசிரமத்துக்கு வந்தபின் பால் வேண்டும் என்று அழுதார். காட்டில் கிழங்கும் கனியும் உண்டு வாழும் தாயார் பாலுக்கு எங்கே போவார்? மாவை நீரில் கரைத்து, பால் என்று சொல்லிக் கொடுத்தார். குழந்தை வாயில் வைத்தவுடன், இது பால் அன்று என்று தள்ளிவிட்டது. தாயார் குழந்தையை அணைத்து, உச்சி மோந்து, உண்மையைச் சொன்னார்: காட்டில் வாழும் நமக்குப் பால் ஏது, சிவபெருமான் அருள் இல்லாமல் அது கிடைக்காது என்றார். அந்த உண்மையைக் கேட்ட பிள்ளை பெருமானை நோக்கித் தவம் செய்தது. பெருமான் பாற்கடலையே அழைத்துக் கொடுத்தார். வியாசபாரதத்தின் அனுசாசன பருவத்தில், இந்த உபமன்யுவே தம் கதையைக் கண்ணபிரானுக்குச் சொல்லுகிறார். கோயிற் புராணமும் பாற்கடல் பெற்ற செய்தியைப் பேசும்.

இரண்டாமவன் அசுவத்தாமன். அவன் தந்தை துரோணர் வறியவர், பசு இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து அவன் அழுதான். அந்தப் பிள்ளைகள் அரிசி மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். அவன் குடித்துவிட்டு, "நானும் பால் குடித்தேன்" என்று கூத்தாடினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் துரோணர் கேட்டார். பொருள் தேடி, பழைய நண்பனாகிய துருபதனிடம் சென்று, அங்கே இகழப்பட்டார். அதன்பிறகு பகை, பகைக்குப் பகை, யுத்தம். யுத்தத்தின் இறுதி இரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் புதல்வர்களைக் கொன்றவன் யார்? மாவுநீர் குடித்துக் கூத்தாடிய அந்தக் குழந்தையே. பாரத யுத்தத்துக்குக் காரணம் பல சொல்லுவார்கள். அவற்றுள் ஒரு கிண்ணம் மாவுநீரும் உண்டு என்பதைப் பெரும்பாலும் சொல்லுவதில்லை.

இரண்டு வீட்டிலும் பால் இல்லை. ஒரு வீட்டில் தாய் முதலில் பொய் சொன்னாலும், பிறகு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லி அணைத்துக்கொண்டாள். மற்றோரிடத்தில் பொய் பொய்யாகவே நின்றது. அதன்மேல் சிரிப்பும் சேர்ந்தது. குழந்தைக்கு இல்லை என்று சொல்லுவது குற்றமன்று, அன்பர்களே. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இனிப்பு மிகுந்தால் பல் கெடும். நாமே சர்க்கரை நோய்க்கு மருந்து உண்டுவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறோம். அந்த அனுபவத்தோடு சொல்லுகிறோம். இன்று வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். காசில்லை என்றால் காசில்லை என்று சொல்லலாம். உபமன்யு அந்தச் சொல்லைத் தாங்கினார். மாவுநீரைத்தான் தாங்கவில்லை.

மாவுநீர் இக்காலத்தில் பல நிறங்களில் வருகிறது. பஞ்சு மிட்டாயில் துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயத்தைக் கலந்திருந்ததைக் கண்டு, 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், பின்னர் தமிழ்நாட்டிலும் அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். சாயம் கலந்தவருக்கும் வீட்டில் குழந்தை இருந்திருக்கும். கேட்டால், "சின்னப் பிள்ளைகள்தானே, நிறம் இருந்தால்தான் வாங்குகிறார்கள்" என்று சொல்லியிருப்பார். சின்னப் பிள்ளைகள்தானே என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் தொடங்குகிறது.

பெரியவர் சொல்லைக் குழந்தை எவ்வளவு முழுமையாக எடுத்துக்கொள்ளும் என்பதற்குத் திருநாரையூரே சான்று. அங்கே பொல்லாப் பிள்ளையாருக்குப் பூசை செய்த ஆதிசைவர் ஒருநாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. மகனாகிய நம்பியை அழைத்துப் பூசையைச் செய்யச் சொன்னார். நம்பி நீராட்டி, மலர் சாத்தி, நிவேதனத்தை எதிரே வைத்து, உண்ணுமாறு வேண்டினார். பிள்ளையார் உண்ணுகிறார் என்றுதானே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்! பிள்ளையார் உண்ணவில்லை. தாம் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று அஞ்சிய நம்பி, தலையைக் கல்லில் மோதிக்கொள்ளப் போனார். பிள்ளையார் தடுத்து, துதிக்கையை நீட்டி எல்லாவற்றையும் உண்டார். இனிப் பள்ளிக்கு நேரம் கடந்து போனால் ஆசிரியர் அடிப்பாரே, நீரே கற்பியும் என்று நம்பி கேட்க, அதையும் செய்தார். அடி வாங்கும் அச்சம் இல்லாத பிள்ளையாகப் புராணத்தில்கூட ஒருவர் கிடைப்பது அரிது போலும்!

வீட்டில் என்ன நடந்தது? நிவேதனம் எங்கே என்று கேட்டார்கள். பிள்ளையார் உண்டார் என்று நம்பி சொன்னார். தந்தையார் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்கு நிவேதனம் செய்பவர் அவர். பிள்ளையார் உண்டார் என்றால் நம்ப முடியவில்லை. மறுநாள் நேரில் கண்ட பிறகே நம்பினார். செய்தி கேட்ட சோழ மன்னன், வாழைக்கனி, தேன், அவல், அப்பம், எள்ளுருண்டை என்று குவித்துக்கொண்டு வந்தான் என்று திருமுறை கண்ட புராணம் கூறும். அப்பமும் எள்ளுருண்டையும்! பெரிய மன்னன், பிள்ளையைப் பார்க்க வருகிறவன், பிள்ளைகளுக்கு உகந்ததையே கொண்டுவந்தான். அந்த நம்பியைக் கொண்டே தில்லையில் மறைந்து கிடந்த தேவார ஏடுகள் வெளிவந்தன, திருமுறைகள் வகுக்கப்பட்டன. பிள்ளையார் உண்பார் என்று சொன்ன பெரியவர்கள் அதை ஒரு வழக்கமாகச் சொன்னார்கள். நம்பி ஒருவர்தான் அதை மெய்யென்று கொண்டார்.

இவ்வளவும் சொன்ன நாம், நம் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இதுவும் மாவுநீர் ஆகிவிடும்.

2017-ஆம் ஆண்டு பங்குனியில் ஓர் ஊர்த் திருவிழாவுக்குப் பேசச் சென்றோம். ஆறு வயதுப் பேரனும் உடன் வந்தான். கோயில் வாசலில் சவ்வு மிட்டாய்க்காரர் நின்றார். பேரன் பாவையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. "தாத்தா பேசி முடிக்கும்வரை முன்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திரு. முடிந்ததும் உன் கையில் கடிகாரம் கட்டச் சொல்லுகிறேன்" என்றோம். தானம் என்னும் உபாயம்! மிட்டாய்க்காரரும் சிரித்து, "வா தம்பி, உனக்குப் பெரிய கடிகாரமாகவே கட்டுகிறேன்" என்றார்.

அன்றைய பொருளும் திருஞானசம்பந்தர் ஞானப்பால் உண்டதுதான். ஒரு மணி நேரம் என்று சொல்லித் தொடங்கினோம். அவையும் உருகியது, நாமும் உருகினோம். இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அம்மை குழந்தையின் கண்ணீரைத் துடைத்த இடத்தைச் சொல்லும்போது பலர் விழிகளில் நீர். முன்வரிசையில் பேரன் உறக்கத்தோடு போராடிக்கொண்டு, இடக்கை மணிக்கட்டை வலக்கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நாம் பார்த்தோம். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. முடிந்ததும் பொன்னாடை, படம் எடுத்தார்கள், விழாக் குழுவினர் காபி தந்தார்கள். வாசலுக்கு வந்தபோது கடைகள் எல்லாம் எடுத்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் ஒருவரும் இல்லை.

பேரன் அழவில்லை. "தாத்தா, நான் பேசவே இல்லையே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

தான் ஏதோ பிழை செய்ததால்தான் மிட்டாய்க்காரர் போய்விட்டார் என்று அவன் நினைத்துவிட்டான். திருநாரையூர் நம்பி நினைத்ததும் அதுவேயன்றோ? தாத்தா சொன்னது தவறாது. ஆகவே தவறு தன்னிடத்தில்தான் இருக்கவேண்டும்!

மறுநாள் கடைத்தெருவுக்குச் சென்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய சாக்லேட் ஒன்றை வாங்கி வந்தோம். சவ்வு மிட்டாயைப்போலப் பத்து மடங்கு விலை. விலையைப் பெருக்கிவிட்டால் வாக்கு நேராகிவிடும் என்பது பெரியவர்களின் கணக்கு. பேரன் வாங்கிக்கொண்டான், நல்ல பிள்ளை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கையில் கட்ட முடியாதே, தாத்தா" என்றான். அவன் கேட்டது இனிப்பே அன்று என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. ஒருவர் கண்ணெதிரே நின்று, தனக்காகவே முறுக்கி, மடித்து, தன் கையைப் பிடித்துக் கட்டிவிடுவதை அவன் கேட்டிருந்தான். அவன் பாட்டி நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவு பரிமாறும்போது, "நேற்று என்ன பொருளில் பேசினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரியும்; தெரிந்தே கேட்டார்.

அடுத்த ஆண்டு அதே ஊருக்கு அழைத்தார்கள். பேரனையும் அழைத்துச் சென்றோம். இம்முறை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மிட்டாய்க்காரரைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவரே, அதே பாவையோடு. "தம்பிக்கு ஒரு கடிகாரம், பெரியதாக" என்றோம். பேரன் ஓரடி பின்னால் நின்றுகொண்டான். "வேண்டாம் தாத்தா. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்றான்.

பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. ஒவ்வொன்றுக்கும் நூலார் காலம் வகுத்திருக்கிறார்கள். செங்கீரை கடந்தால் தால். சப்பாணி கடந்தால் முத்தம். கடந்த பருவத்துக்குப் புலவர் மீண்டும் சென்று பாடுவதில்லை. இலக்கணமாகப் படித்தபோது இது எங்களுக்கு ஒரு வரிசையாக மட்டும் தெரிந்தது. அந்த வாசலில் நின்றபோது வேறாகத் தெரிந்தது. மிட்டாய்க்காரர் கையில் இழுத்த மிட்டாயோடு நம்மைப் பார்த்தார். நாம் காசைக் கொடுத்துவிட்டு, அருகில் நின்ற வேறொரு குழந்தையைக் காட்டினோம். அந்தக் குழந்தை கையை நீட்டியது.

சீகாழியில் சித்திரைத் திங்களில் திருமுலைப்பால் விழா நடைபெறும். அந்தத் திருக்குளக்கரையில் நின்றவர்கள் மேலே கட்டுமலையைப் பார்த்தால், தோணியப்பரும் பெரியநாயகியும் எழுந்தருளியிருக்கும் இடம் தெரியும். குளத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. ஒரு குழந்தை அழுதால் கேட்கும் தூரம்தான். வாய்ப்பு உள்ளவர்கள் குழந்தைகளோடு சென்று வாருங்கள். அங்கே போய்ப் பெரிய விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய உன் வயதுதான் என்று சொன்னால் போதும்.

நமக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் அரை மணி இருக்கிறது. திருக்கோலக்காவை இன்னும் விரிவாகப் பேசலாம் என்று எண்ணி வந்தோம். அதை நாளை வைத்துக்கொள்ளலாம். மேடைக்கு வருமுன் சன்னிதித் தெரு மிட்டாய்க்காரரிடம் விசாரித்தோம். ஒன்பது மணிக்கு அவர் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிடுவாராம். இப்போது மணி எட்டரை. திரும்பும்போது வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அழைத்து வந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். தீபாராதனை ஒன்பதரைக்குத்தான், போய்விட்டு வரலாம். நடுவில் எழுந்து போகிறார்களே என்று நாம் வருந்தமாட்டோம்.

திருச்சிற்றம்பலம்.